பங்குனிக் காலையும் குண்டுக்கரிச்சானும்: குமரியின் பூங்காக்களில் பாட்டுப் பறவைகளைப் படம்பிடித்தல்

குமரி மாவட்டத்தில் பாட்டுப் பறவைகளைப் பார்க்கவும் படம்பிடிக்கவும் ஏற்ற காலம் மாசி நடுவில் தொடங்கிச் சித்திரை முடிவதோடு தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு தென்மேற்குக் காற்று பிடித்துக்கொள்ளும். கிளை ஓரிடத்தில் நிற்காது, மைக்கில் காற்றிரைச்சலே பதியும். இந்த இரண்டரை மாதத்திலும் ஒரு காலையில் கைக்குக் கிடைப்பது, விடிவதற்கு அரை மணி முன்னாலிருந்து எட்டு, எட்டரை வரைதான். புதிதாகக் கேமரா வாங்கியவர்கள் ஏழரைக்குப் பூங்காவுக்கு வந்து, பத்து மணிவரை சுற்றி, ஒன்றும் சரியாக வரவில்லை என்று திரும்புகிறார்கள். கேமராவைக் குறை சொல்வதற்கு முன்னால் வந்த நேரத்தைப் பார்க்க வேண்டும்.

நாகர்கோவில் ஏறத்தாழ 8.2 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. இங்கே சூரியன் சாய்ந்து ஏறாது, கிட்டத்தட்ட நட்டுக்குத்தாக ஏறும். மார்ச் நடுவில் காலை 6.25 வாக்கிலும் ஏப்ரல் நடுவில் 6.10 வாக்கிலும் உதித்து, மணிக்கு 15 பாகை வீதம் மேலே போய்க்கொண்டிருக்கும். ஏப்ரலில் எட்டு மணிக்கு ஏறக்குறைய 27 பாகை, ஒன்பது மணிக்கு 42. ஏப்ரல் 11-ஐ ஒட்டிய நாள்களில் உச்சிவேளையில் தலைக்கு நேர் மேலே நிற்கும். மேலிருந்து விழும் வெயிலில் பறவையின் முதுகு வெளுத்துப்போகும், வயிறும் கண்ணும் நிழலுக்குள் போய்விடும். கண்ணில் ஒளிப்பொட்டு விழாத பறவை எவ்வளவு கூர்மையாகப் பதிந்தாலும் பொம்மைபோலத்தான் தெரியும். ஒன்பது மணிக்கு மேல் சிமென்ட் நடைபாதையிலிருந்து எழும் வெக்கை வேறு லென்சுக்கு முன்னால் நெளியும். நீண்ட ஜூமில் எடுத்த படம் தண்ணீருக்கடியில் எடுத்ததுபோல ஆடுவது அதனால்தான். அதை எடிட்டிங்கில் சரிசெய்ய வழியில்லை. எட்டரைக்குக் கேமராவை மூடிவிட்டு, அதன் பிறகு பைனாகுலரோடு இருப்பது நல்லது.

இடத்தைப் பொறுத்தவரை, நகரப் பூங்காவுக்கு ஒரு நன்மை உண்டு. நாகர்கோவில் வேப்பமூடு பூங்கா போன்ற இடத்தில் தினமும் நடைப்பயிற்சிக்கு வருகிறவர்களைப் பார்த்துப் பறவைகள் பழகியிருக்கும். தோப்பில் 30 மீட்டரில் பறந்துவிடும் அதே இனம் இங்கே 10 மீட்டரிலும் பாட்டை நிறுத்தாது. சுற்றிலும் பஸ் ஓடுவதுதான் சிக்கல். புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் வனத்துறை பராமரிக்கும் பல்லுயிர்ப் பூங்காவில் நிலைமை வேறு: மரங்கள் அடர்த்தி, பறவை வகை கூடுதல், ஆனால் வெளிச்சம் குறைவு, பறவைகளுக்குக் கூச்சமும் அதிகம். விடியற்காலைப் பாட்டுக்கு ஊர்ப் பூங்கா, அதற்குப் பிந்திய நேரத்துக்குக் கோட்டை என்று பிரித்துக்கொள்ளலாம். இரண்டு இடத்திலும் திறக்கும் நேரத்தையும், முக்காலி வைக்க அனுமதி வேண்டுமா என்பதையும் முந்தின நாளே வாசலில் கேட்டுவிடுங்கள்.

தொடங்க வேண்டியது குண்டுக்கரிச்சானிலிருந்து. ஆணுக்கு முதுகும் தொண்டையும் நீலம் பாய்ந்த கறுப்பு, வயிறு வெள்ளை, சிறகில் ஒரு வெள்ளைப் பட்டை. பெண்ணுக்குக் கறுப்பு வரும் இடமெல்லாம் சாம்பல். மழைக்காலம் முழுவதும் புதரடியில் சத்தமில்லாமல் திரிந்த பறவை, மாசி பிறந்ததும் கண்ணில் படும் உயரமான இடமாகப் பார்த்து ஏறிவிடும். விளக்குக் கம்பம், பட்டுப்போன தென்னை, மாடித் தண்ணீர்த் தொட்டி எல்லாம் அதற்கு மேடை. இரண்டு மூன்று விநாடிக்கு ஒரு சீழ்க்கைத் தொடர், கொஞ்சம் இடைவெளி, பிறகு வேறொரு தொடர். பாடும்போது தொண்டை மயிர் சிலிர்த்து நிற்கும், வால் மெல்ல உயர்ந்து விரியும். அந்த வால் அசைவு பாட்டின் ஒரு பகுதி. வெறும் தலையும் அலகுமாக நெருக்கி எடுத்தால் அது சட்டத்துக்கு (ஃப்ரேமுக்கு) வெளியே போய்விடும்.

இந்தப் பறவை செய்யும் பெரிய உபகாரம், பாடுவதற்கு நாள்தோறும் அதே இடங்களுக்கு வருவது. ஆகவே முதல் இரண்டு காலை கேமராவை எடுக்கவே வேண்டாம். தள்ளி நின்று எந்தக் கம்பத்தில் எத்தனை மணிக்கு உட்கார்ந்தது, எத்தனை நிமிடம் பாடியது, அங்கிருந்து எங்கே போனது என்று எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் மூன்று நான்கு இடங்கள் கிடைக்கும். அவற்றில் சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் வரும் இடத்தையும், பறவைக்குப் பின்னால் வானம் தெரியாமல் மரத்தின் இருட்டு தெரியும் இடத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும். வானம் பின்னால் இருந்தால் பறவை கறுப்புக் காகிதத்தில் வெட்டியதுபோல நிற்கும். இன்னொரு கணக்கும் உண்டு. 8 மீட்டர் கம்பத்தின் உச்சியை 10 மீட்டர் தொலைவிலிருந்து பார்த்தால் 33 பாகை அண்ணாந்து பார்க்கிறோம். பறவையின் அடிவயிறுதான் தெரியும். 25 மீட்டருக்குப் பின்வாங்கினால் அது 14 பாகையாகக் குறைந்துவிடும், பறவை நம் கண்மட்டத்தில் இருப்பதுபோலத் தோன்றும். கிட்டப் போவதைவிடத் தள்ளிப்போய் ஜூம் செய்வது பல நேரம் நல்ல படம் தரும். பறவைக்கும் அதுதான் நிம்மதி.

விளக்குக் கம்பம் என்றதும் ஒரு எச்சரிக்கை. பூங்கா விளக்குகள் அணைவதற்கு முன்னால் எடுக்கும் படத்தில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஓடும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கு விநாடிக்கு 100 முறை மினுங்குகிறது. ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வைத்தால் பட்டை வராது. 1/60, 1/125 என்று வைத்தால் வரும். விநாடிக்கு 25 சட்டம் எடுப்பவர்களுக்கு 1/50, 50 சட்டத்துக்கு 1/100 என்பதே வழக்கமான அளவு என்பதால் இரண்டும் பொருந்திவிடுகின்றன. வெயில் ஏறிய பிறகு 1/50 தாங்காது, படம் வெளுக்கும். அப்போது ஷட்டரை ஏற்றாமல் லென்சுக்கு முன்னால் வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி 8 அல்லது 16 கண்ணாடியைப் போட வேண்டும். ஷட்டரை ஏற்றினால் இலை அசைவும் வால் அசைவும் வெட்டி வெட்டித் தெரியும்.

கறுப்பும் வெள்ளையும் ஒரே உடம்பில் இருப்பதால் வெளிச்ச அளவில் தவறு நடப்பதும் இந்தப் பறவையிடம்தான். கேமரா இருண்ட மரத்தைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டும், வயிற்று வெள்ளை சுண்ணாம்படித்ததுபோல ஆகிவிடும். மிகையாக வெளுக்கும் இடத்தைத் திரையில் காட்டும் ஜீப்ரா கோடுகளை 95-இல் வைத்து, வயிற்றில் கோடு மறையும்வரை வெளிச்சத்தைக் குறையுங்கள். கறுப்புக்குள் ஒளிந்த விவரத்தைப் பிறகு மேலே தூக்கிக்கொள்ளலாம், வெளுத்துப்போன வெள்ளையை மீட்க முடியாது. இங்கே அந்தி ஒளி இருபது நிமிடத்துக்கு மேல் நிற்பதில்லை, நிமிடத்துக்கு நிமிடம் கூடிக்கொண்டே போகும். ஆகவே சூரியன் வரும்வரை ஷட்டரையும் அப்பர்ச்சரையும் கட்டிவைத்து ஐஎஸ்ஓவை (ஒளியுணர்திறனை) மட்டும் தானாக விடலாம், 3200-ஐ உச்சமாக வைத்து. வெயில் வந்தபின் எல்லாவற்றையும் கையால் வைத்துவிட வேண்டும். வெள்ளைச் சமநிலையும் அப்படியே: திறந்த வெளியில் 5500 கெல்வின், நிழலில் 6500-க்கு மேல். தானாக விட்டால் பறவை ஒரு கிளையிலிருந்து மறு கிளைக்குப் போகும்போதெல்லாம் படத்தின் நிறம் மாறும்.

இனி ஒலி. பாட்டுப் பறவையைப் படம்பிடிக்கிறவர்கள் பணத்தையெல்லாம் லென்சில் போட்டுவிட்டு ஒலியைக் கேமராவின் சொந்த மைக்கிடம் விட்டுவிடுவது பெரிய வருத்தம். அந்த மைக் ஃபோகஸ் மோட்டாரின் கிர்ரென்ற சத்தத்தையும் உங்கள் மூச்சையும்தான் முதலில் பிடிக்கும். ஒலியில் மலிவான, நிச்சயமான ஒரே வழி, மைக்கைப் பறவைக்குப் பக்கத்தில் கொண்டுபோவது. தொலைவு பாதியானால் ஒலி 6 டெசிபல் கூடும். 20 மீட்டரில் இருக்கும் பதிவுக்கருவியை 5 மீட்டருக்குக் கொண்டுபோனால் 12 டெசிபல் லாபம். எந்த விலையுயர்ந்த மைக்கும் இதை ஈடுகட்டாது. பறவை எங்கே வரும் என்றுதான் ஏற்கெனவே தெரியுமே. அது வருவதற்கு முன்பே, இருட்டோடு போய், சிறிய பதிவுக்கருவியை அந்தக் கம்பத்தடியில் ஒரு புதரில் வைத்து, காற்றிரைச்சலைத் தடுக்கும் ரோமக் கவசம் மாட்டி, ஓடவிட்டுத் திரும்பிவிடலாம். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. ஒலி அளவு உச்சத்தில் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் கையால் வைக்க வேண்டும். தானியங்கியில் விட்டால் பாட்டின் இடைவெளிகளில் பஸ் சத்தத்தை மேலே தூக்கிக் காட்டும், பாட்டு வந்ததும் அமுக்கும்; கேட்க அலை அடிப்பதுபோல இருக்கும்.

இப்படித் தனியே பதிந்த ஒலியைப் படத்தோடு சேர்க்கும்போது கைதட்டி ஒத்துவைக்கிறவர்கள், பதிவுக்கருவிக்குப் பக்கத்தில் நின்று தட்ட வேண்டும். கேமரா மைக்கில் 25 மீட்டர் தொலைவிலிருந்து வரும் ஒலி ஏறக்குறைய 0.07 விநாடி, அதாவது 25 சட்ட வேகத்தில் இரண்டு சட்டம் பிந்தித்தான் வருகிறது. அலகு திறந்து மூடிய பிறகு பாட்டு கேட்கிறதே என்று தோன்றினால் காரணம் இதுதான். ஒலித்தடத்தை இரண்டு சட்டம் முன்னுக்கு நகர்த்தினால் போதும்.

பஸ், லாரி இரைச்சலுக்கு 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் லோ கட் உதவும். பெரும்பாலான பாட்டுப் பறவைகளின் குரல் 1000 ஹெர்ட்ஸுக்கு மேலேதான், அவற்றுக்கு இழப்பு இல்லை. செம்போத்து ‘ஊப் ஊப்’ என்று முழங்கும் காலையில் மட்டும் அதை அணைத்துவிடுங்கள், அதன் குரல் அடியாழத்தில் இருக்கிறது. லோ கட்டுக்கு அடங்காதது ஒலிபெருக்கி. மண்டைக்காட்டு மாசிக் கொடை தொடங்கிச் சித்திரை வரை மாவட்டம் முழுக்கக் கொடைகளும் திருவிழாக்களும் நடக்கும் காலம் இது. விடியுமுன்னே பாட்டுப் போட்டுவிடுவார்கள். ஊருக்கு அது பெரிய நாள். பூங்காவைச் சுற்றியுள்ள கோயில், தேவாலயங்களின் விழாத் தேதிகளைக் குறித்து வைத்துக்கொண்டு அந்த நாள்களில் படம் மட்டும் எடுத்து, ஒலியை வேறொரு நாள் அதே பறவையிடம் எடுத்துக்கொள்ளலாம். அப்படிச் சேர்த்தால் பகிரும்போது அதைச் சொல்லிவிட வேண்டும். ஒலியைப் பார்த்து நாளையும் நேரத்தையும் குறித்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு இடத்திலும் பறவை இல்லாத வெறும் சூழல் ஒலியை ஒரு நிமிடம் பதிந்து வைப்பதும் பழக்கமாக வேண்டும். வெட்டி ஒட்டும் இடங்களை மறைக்க அதுதான் உதவும்.

குரலை வைத்து இனத்தைச் சொல்லும் மெர்லின் செயலி நம் ஊரிலும் நன்றாக வேலை செய்கிறது. ஆனாலும் கரிச்சான் (இரட்டைவால் குருவி), குண்டுக்கரிச்சான், மாம்பழச்சிட்டு மூன்றும் பிற பறவைகளின் குரலை எடுத்துப் பாடக்கூடியவை. செயலி வல்லூறு என்று காட்டி, சின்னான்கள் கலவரமில்லாமல் பழம் தின்றுகொண்டிருந்தால், சுற்றிலும் ஒரு கரிச்சானைத் தேடுங்கள். கண்ணால் பார்க்காததைப் பட்டியலில் ஏற்ற வேண்டாம். (இந்த மாதங்களில் எல்லாரும் முதலில் கேட்பது குயிலைத்தான். வகைப்பாட்டில் அது பாட்டுப் பறவைக் கூட்டத்தில் சேராது, செம்போத்துக்குத்தான் உறவு. ஆனால் குயில் இல்லாமல் இளவேனில் படம் எடுப்பதை யாரும் ஒப்பமாட்டார்கள்.)

தேன்சிட்டுக்கு வழிமுறையே வேறு. அதற்குப் பாடும் கொம்பைவிடப் பூதான் கணக்கு. பூங்கா ஓரத்துத் தெற்றி, செம்பருத்தி, மாசியில் இலையுதிர்த்துப் பூக்கும் இலவும் கல்யாண முருங்கையும், மாமரத்தில் தொற்றிய புல்லுருவி ஆகியவற்றைப் பாருங்கள். இங்கே மூன்று வகை வரும். வயிறு மஞ்சளாக, முதுகு அரக்காக இருந்தால் ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு. உடல் முழுக்கக் கருநீலமாக மின்னினால் ஊதாத் தேன்சிட்டு. அதேபோல மின்னி, வயிறு மட்டும் மங்கிய பழுப்பாகி, அலகு நீண்டு நன்றாக வளைந்திருந்தால் லோட்டன் தேன்சிட்டு. ஆண்களின் மினுக்கம் சாயத்தால் வருவதில்லை. இறகின் நுண்ணமைப்பில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருகிறது. வெயில் உங்கள் தோளுக்குப் பின்னாலிருந்து விழுந்தால் பச்சையும் ஊதாவும் கொட்டும், பத்து இருபது பாகை விலகினால் அதே பறவை கரித்துண்டு. நிறம் வரவில்லை என்று எடிட்டிங்கில் முயல்வதைவிட நான்கு அடி பக்கவாட்டில் நகர்வது மேல்.

பறக்கும் தேன்சிட்டைப் பின்தொடர்ந்து ஃபோகஸ் செய்ய முயலாதீர்கள். நன்றாக விரிந்த ஒரே ஒரு பூங்கொத்தைத் தேர்ந்து, அதன்மேல் கையால் ஃபோகஸ் வைத்துப் பூட்டிவிட்டுக் காத்திருங்கள். வந்துபோன சிட்டு பூவில் தேன் ஊறியதும் திரும்பி வரும். ஏபிஎஸ்-சி கேமராவில் 400 மி.மீ. லென்சை எஃப் 8-இல் வைத்து 5 மீட்டரில் எடுத்தால் கூர்மையாக வரும் ஆழம் ஏறக்குறைய 5 சென்டிமீட்டர்தான். ஆகவே கொத்து உங்களுக்குப் பக்கவாட்டில் அமைந்திருக்க வேண்டும். விநாடிக்கு 100 சட்டம், ஷட்டர் 1/200. பல கேமராக்களில் இந்த வேகத்தில் ஒலி பதிவாகாது என்பதை நினைவில் வையுங்கள். செம்பருத்தியில் சிட்டு பூவின் வாயை விட்டுவிட்டு அடிப்புறத்தில் அலகால் துளைத்துத் தேன் எடுப்பதையும் பார்க்கலாம், கேமராவை அந்தப் பக்கமும் வைக்க வேண்டிவரும். முக்காலியை மாமரத்தடியில் ஊன்றும்முன் மேலே அண்ணாந்து இலைக்கூடு இருக்கிறதா என்று பாருங்கள். அதில் வாழும் முசுறு எறும்பு கழுத்தில் விழுந்தால் அந்தக் காலை போனதுதான்.

மாம்பழச்சிட்டின் ஆட்டம் பங்குனியில் கிடைக்கும் பெரிய பரிசு. ஆண் கிளையிலிருந்து ஒன்றிரண்டு மீட்டர் மேலே எழும்பி, பிட்டத்து வெள்ளை இறகுகளை உப்பி, பஞ்சுருண்டைபோலச் சுழன்று இறங்கும். இரண்டு மூன்று விநாடியில் முடிந்துவிடும். கிளையில் இருக்கும்போது நெருக்கி எடுத்துக்கொண்டிருப்பவர்கள் அத்தனை பேரும் அதைத் தவறவிடுவார்கள், பறவை சட்டத்தின் மேல் விளிம்பைத் தாண்டிப் போய்விடும். நீளமான விசில் இரண்டு மூன்று முறை கேட்டதும் ஜூமைப் பாதியாகக் குறைத்து, பறவையைச் சட்டத்தின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் வைத்து, பதிவை ஓடவிட வேண்டும். பொத்தானை அழுத்துவதற்கு முந்தைய சில விநாடிகளையும் சேமிக்கும் வசதி கேமராவில் இருந்தால் இதற்குத்தான் அது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பைனாகுலர் 8x42 போதும், விடியல் வெளிச்சத்துக்கு அது சரியான அளவு. முக்காலிக்கு வீடியோ தலை அவசியம். முக்காலியில் வைத்ததும் லென்சின் நடுக்கத் தடுப்பை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் படம் தானாக நகரும். ஒவ்வொரு காட்சியும் குறைந்தது 20 விநாடி அசையாமல் நிற்க வேண்டும். 4கே படம் 100 மெகாபிட் வேகத்தில் நிமிடத்துக்கு 750 எம்பி. 64 ஜிபி அட்டை 85 நிமிடம் வரும். கன்னியாகுமரி, மணக்குடிப் பக்கம் எடுத்துவிட்டு வந்தால் உப்புப் படலத்தை ஈரத்துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைக்க வேண்டும். நம் ஈரக்காற்றில் லென்சில் பூஞ்சை பிடிக்க அதிக நாள் ஆகாது.

கூடுகளைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இதே மாதங்கள்தான் பல பறவைகள் முட்டையிட்டுக் குஞ்சு வளர்க்கும் மாதங்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டுப் பறவையின் கூட்டையோ முட்டையையோ தொந்தரவு செய்வதையும் வேட்டை என்றே கணக்கிடுகிறது. தையல்சிட்டின் கூட்டை மறைக்கும் ஒற்றை இலையைப் படத்துக்காக விலக்கினால் வெயிலும் காக்கையும் வால்காக்கையும் உள்ளே வர வழி திறந்தாயிற்று. பறவை வாயில் புழுவோடு கிளையில் உட்கார்ந்து, இறங்காமல், இடைவிடாமல் கத்திக்கொண்டிருந்தால் நீங்கள் கூட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்று பொருள். உடனே, வந்த வழியே, வேகமில்லாமல் விலகிவிடுங்கள். கைபேசியில் பதிந்த பாட்டைப் போட்டுக் காட்டி ஆணை வரவழைப்பதும் வேண்டாம். இல்லாத எதிரியைத் தேடி அது அரை மணி நேரம் அலையும், அந்த நேரம் இரை தேடலிலும் துணையைக் காப்பதிலும் இழப்பு. கூட்டின் இடத்தைப் பொதுவில் போடாதீர்கள்.

மாலையில் படத்துக்கு ஏற்ற இடம் தண்ணீர்தான். தோட்டக்காரர் தண்ணீர் விட்ட பிறகு தேங்கிய குட்டை, சொட்டும் குழாயடி ஆகியவற்றில் ஐந்து மணிக்கு மேல் சின்னான்கள் குளிக்க வரும். வலசை வந்த அரசவால் ஈப்பிடிப்பான் இன்னும் புறப்படாமல் இருந்தால் கிளையிலிருந்து நேராகப் பாய்ந்து நீரைத் தொட்டுத் திரும்பும். வெள்ளை வால் ஆண் என்றால் வெளிச்சத்தை ஒரு படி குறைத்தே வைத்திருங்கள்.

வலசை வந்தவை ஒவ்வொன்றாகக் கிளம்புவதும் இந்த நாள்களில்தான். அடர்ந்த செடிக்குள் ‘டக், டக்’ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்த நாணல் கதிர்க்குருவி, போகும்முன் தணிந்த குரலில் முணுமுணுவென்று பாடிப் பார்க்கும். அது பதிவாக வேண்டுமானால் மைக் மூன்று நான்கு மீட்டருக்குள் இருந்தாக வேண்டும். வடக்கே கூடுகட்டப் போகும் ஆறுமணிக்குருவி, காலையிலும் மாலையிலும் ஆறு மணியை ஒட்டி இரட்டைச் சீழ்க்கை அடிக்கும். சருகுக்கடியில் இரை தேடுவதால் தரையோடு தரையாக, அரிசி நிரப்பிய துணிப்பையின்மேல் கேமராவை வைத்துக் காத்திருக்க வேண்டும். 1933-இல் பறவையியலாளர் சாலிம் அலி திருவிதாங்கூர், கொச்சிப் பகுதியில் பறவைக் கணக்கெடுப்பு நடத்தியபோது இந்த மண் திருவிதாங்கூரோடு இருந்தது. அன்றைய குறிப்போடு இன்றைய நிலையை ஒப்பிட நமக்கு வேண்டியது நாளும் இடமும் நேரமும் சேர்ந்த பதிவு. கோப்பின் பெயரிலேயே அவற்றை எழுதிவிடுங்கள்: ஆண்டு, மாதம், நாள், இடம், இனம், மணி. ஏப்ரல் கடைசி வாரத்தில் காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் ஐந்து நிமிடமாவது அதே மரத்தடியில் நின்று, ஆறுமணிக்குருவியின் குரல் கடைசியாகக் கேட்ட நாளையும், கேட்காமல் போன முதல் நாளையும் குறித்து வையுங்கள்.